சத்தம் நிறுத்தும் வேலையும் தணிகைநாதன் சாரும்

1. குக்கர் விசில்

முதல் நாள், முதல் ஷாட். வயதான துப்பறியும் அதிகாரி ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டின் கதவைத் தட்ட வேண்டும். தட்டினார். உள்ளிருந்து பதில் வருவதற்கு முன்னால், இரண்டு வீடு தள்ளி ஒரு குக்கர் விசில் அடித்தது.

சவுண்டு ரெக்கார்டிஸ்ட் மேகா ஹெட்ஃபோனைக் கழற்றினார். டைரக்டர் தருண் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் யூனிட் மொத்தமும் பார்த்தது. அந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"காதர் பாய், இது லைவ் சவுண்டு படம்னு சொல்லியிருந்தோம்ல?"

"சொன்னீங்க சார். கூட்டத்தையெல்லாம் நிறுத்திட்டேன் சார்."

"கூட்டம் நிக்கிது பாய். குக்கர் நிக்கலையே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நான் திருச்சியில் லொகேஷன் மேனேஜர். சென்னையிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களுக்கு வீடு பிடித்துத் தருவது, தெரு பிடித்துத் தருவது, அனுமதிக்கு அலைவது, அக்கம்பக்கத்தில் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு சண்டைக்காட்சி எடுக்க வந்தார்கள். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதற்கு ஒரு கயிற்றின் முனையை என் கையில் கொடுத்தார்கள். இன்னும் அந்தக் கயிற்றை நான் விடவில்லை.

கவலைப்படுவது என் சுபாவம். மழை வருமா, கரெண்ட் போகுமா, வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் மனசு மாறுவாரா, அன்றைக்குப் பார்த்து சுவாமி புறப்பாடு இருக்குமா என்று முந்தின வாரமே ஒவ்வொருவரிடமாக விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி நூர்ஜஹான் சொல்வாள்: "கவலைப்பட ஒண்ணுமே இல்லன்னா, என்னத்தையோ மறந்துட்டோம்னு அதுக்கு ஒரு கவலை." இந்தத் தொழிலுக்கு அந்தச் சுபாவம் ஒத்துப்போகும். வர நினைக்கிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும். எல்லாம் சரியாக நடந்தால் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பாகப் போனால்தான் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள்.

2. தெருவை அடக்குவது

லைவ் சவுண்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில், நடிகர் கேமரா முன்னால் பேசுகிற வசனம் சும்மா வாயசைப்புக்குத்தான். பிறகு சென்னையில் டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து அதை மறுபடி பேசுவார். அதனால் ஷூட்டிங்கில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் பரவாயில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு அசிஸ்டெண்ட் டைரக்டர் நின்று வசனத்தை ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார். அதற்கு ப்ராம்ப்டிங் என்று பெயர். நடிகர் கேட்டுக் கேட்டுச் சொல்லிவிடுவார்.

லைவ் சவுண்டில் அதெல்லாம் கிடையாது. நடிக்கும்போது பேசுகிற குரலே படத்தில் வரும். எடுத்துக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அந்தக் குரலும் பதிவாகிவிடும். டேக் ஓடும்போது ஈ பறந்தால்கூட மேகாவுக்குக் கேட்கும்.

சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. வைதேகி மாமியின் வீட்டைப் பிடித்திருந்தேன். வாசலில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், முற்றம் என்று நேராகக் கொல்லைக் கதவு வரைக்கும் தெரியும். மாமி ரிட்டயர்டு டீச்சர். மகன் வெளிநாட்டில். குக்கர் சம்பவத்துக்குப் பிறகு மாமியையே கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

"காலம்பற தளிகை பண்ணி பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணணும் பாய். அதை நிறுத்தச் சொல்லப்படாது," என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். சமைத்துப் பெருமாளுக்குப் படைப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"நிறுத்தச் சொல்லல சாமி. எப்ப முடியும்னு சொன்னீங்கன்னா நாங்க அதுக்கப்புறம் டேக் போறோம்."

"உங்க ஹீரோ யாரு?"

"தணிகைநாதன் சார்."

"போலீஸ்காரனா வருவாரே, அவரா? அவர் ஹீரோவா?" என்று கொஞ்சம் யோசித்தார். "சரி, பாவம். ஏழரைக்கெல்லாம் முடிச்சுடறோம்."

அப்படித்தான் தெரு படிந்தது. மிக்ஸி, தண்ணி மோட்டார், இரும்பு கேட்டு, தொட்டிலில் இருக்கிற குழந்தை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வீட்டில் பேச வேண்டியிருந்தது. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அந்த டிரைவரிடம் பேசி எங்கள் சந்தை முதலில் முடிக்கச் சொன்னேன். மாடுகளுக்கு அகத்திக்கீரை வாங்கி அடுத்த தெருவில் போட ஆள் வைத்தேன். மேகா ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். டேக்குக்கு முன்னால் ஃப்ரிட்ஜை அணைக்கும்போது என் வண்டிச் சாவியை அதற்குள்ளே வைத்துவிட வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பினால் ஃப்ரிட்ஜைத் திறந்தே ஆக வேண்டும், மறக்காமல் ஆன் செய்துவிடுவோம். ஜில்லென்று இருக்கிற சாவியோடு எடமலைப்பட்டி புதூரில் இருக்கிற என் வீட்டுக்குப் போய்ச் சேருவேன்.

மூன்று நான்கு நாளில் எல்லாம் பழகிவிட்டது. "ரோல் சவுண்டு" என்று குரல் வந்தால் தெரு அப்படியே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். "பாய், ஸ்டுடியோ மாதிரி இருக்கு," என்றார் மேகா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

3. பழைய போலீஸ்காரர்

தணிகைநாதன் சார் இளவயதிலிருந்து படங்களில் போலீஸாக வருகிறவர். கான்ஸ்டபிளாகத் தொடங்கி ஏட்டையா, எஸ்.ஐ. என்று வயது ஏற ஏறப் பதவியும் ஏறியது. "ஆயுசு பூரா சல்யூட் அடிச்சிட்டு ஓரமா நின்னேன் காதர். இந்தப் படத்துலதான் எனக்கு சல்யூட் அடிக்கிறாங்க," என்று சொல்வார். எழுபதைத் தாண்டி முதல்முறையாகக் கதாநாயகன். போஸ்டரில் அவர் முகம் மட்டும்தான் வரப்போகிறது என்று தருண் சொல்லியிருந்தார்.

கதை இதுதான். பல வருஷத்துக்கு முன்னால் கொள்ளிடக் கரையில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். தற்கொலை என்று கேஸை மூடிவிடுகிறார்கள். அதை விசாரித்த அதிகாரிக்கு ரிட்டயர் ஆன பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. முட்டிவலியோடு மறுபடி தெருத்தெருவாக நடந்து, கடைசியில் தன் சொந்த நண்பர்தான் கொலைகாரர் என்று கண்டுபிடிக்கிறார். அந்தப் பெண் வாழ்ந்த வீட்டில்தான் நண்பர் இப்போது இருக்கிறார். அங்கே வந்து, காபி குடித்துக்கொண்டே, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மடக்குகிறார். அந்தக் காட்சியில் அவருக்கு மூன்று பக்க வசனம். எதிரில் உட்காருகிறவருக்கு ஒரே வரி: "ஆமா சார். நான்தான்."

அந்த நண்பராக நடித்தவர் சகாயராஜ். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழுவில் கடைசிவரை நடித்தவர். சினிமா அவருக்குப் புதுசு. கேமராவைப் பார்த்தால் வணக்கம் வைப்பார்.

முதல் வாரத்திலேயே பிரச்சினை தெரிந்தது. சின்ன வசனம் என்றால் தணிகைநாதன் சார் சமாளித்துவிடுவார். இரண்டு வரிக்கு மேல் போனால் நடுவில் நின்றுவிடும். "ஸாரிப்பா, ஒன் மோர்," என்பார். மறுபடி அதே இடத்தில் நிற்கும். காதுக்குள் வைக்கிற சின்ன இயர்பீஸ் வைத்துப் பார்த்தார்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தத்தைக் கூட்டினால் மேகாவின் மைக்கில் கிசுகிசு என்று கேட்டது. குறைத்தால் அவருக்குக் கேட்கவில்லை. டப்பிங் வைத்துக்கொள்ளலாமே என்று மேனேஜர் பாஸ்கர் கேட்டார்.

"மூச்சு வேணும்," என்றார் தருண். "வயசான ஒருத்தர் மாடி ஏறி வந்து பேசுறாரு. அந்த மூச்சை ஏ.சி. ரூம்ல உக்காந்து எப்படி எடுக்கிறது?"

தருண் கெட்ட பையன் இல்லை. பெரியவரிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் படம் நகரவில்லை. சாயங்காலம் ஆனால் கேமராவுக்குப் பின்னால் எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

4. இன்னொரு ரூம்

ஒரு நாள் மதியம் பாஸ்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாய், நம்ம ஹோட்டல்லயே இன்னொரு நல்ல ரூம் போடுங்க. ஏர்போர்ட்டுக்கு ஒரு கார் ரெடியா இருக்கட்டும்."

"யாருக்கு சார்?"

இன்னொரு மூத்த நடிகரின் பெயரைச் சொன்னார். அவர் எந்தப் படத்திலும் வசனத்தை விட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். "கடைசி சீனை நாளான்னைக்கி எடுக்கிறோம். அது பெரியவருக்கு வரலன்னா, அவரை அனுப்பிட்டு, இதுவரைக்கும் எடுத்ததை இவரை வெச்சு ரீஷூட் பண்ணிக்கலாம்னு புரொடியூசர் சொல்லிட்டாரு. தருணுக்கும் வேற வழியில்ல. நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று நூர்ஜஹானுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவளிடம்கூடச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "என்னங்க, கறி வேகலையா?" என்றாள். "வெந்திருக்கு," என்றேன்.

மறுநாள் காலையில் பெரியவரை அழைத்து வரும் காரில் நானும் ஏறினேன். தினமும் அப்படித்தான். கன்டோன்மென்ட்டிலிருந்து ஸ்ரீரங்கம் வருவதற்குள் வசனப் பேப்பரை நான் படிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன், நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்று. "உன் வேகம்தான்ப்பா எனக்குச் சரி. அந்தப் பசங்க படிச்சா பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி இருக்கு," என்றார்.

அன்றைக்கும் படித்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் காதைப் பிளந்தது. பாலத்தில் ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. மூன்று பக்கத்தையும் அவர் ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னார். சொல்லும்போது அந்த நண்பன் எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே பார்த்தார். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"இவ்வளவு நல்லா வருதே சார், அங்க ஏன் சார் நிக்கிது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் காவிரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அங்க ஒரு சத்தமும் இல்லப்பா. எத்தனை வருஷம், எவனாவது ஒருத்தன் பக்கத்துல முணுமுணுன்னு எடுத்துக் குடுத்துட்டே இருப்பான். ஜெனரேட்டர் ஓடும். வேடிக்கை பாக்குறவன் விசிலடிப்பான். அதுக்குள்ள நின்னு பேசிப் பழகிட்டேன். இப்ப 'ஆக்‌ஷன்'னு சொன்னதும் கெணத்துக்குள்ள எறக்கிவிட்ட மாதிரி ஆயிடுது. என் குரல் எனக்கே கேக்குது. அதைக் கேட்டதும் அடுத்த வரி போயிடுது."

அந்தக் கிணற்றை வெட்டியது நான்தான். வீடு வீடாகப் போய், கெஞ்சி, அகத்திக்கீரை போட்டு, ஸ்டுடியோ மாதிரி இருக்கு என்று பெயரும் வாங்கி வைத்திருந்தேன்.

அம்மா மண்டபம் தாண்டும்போது அவர் கேட்டார்: "எவன் வர்றான்?"

"சார்?"

"தினமும் ஏறினதும் 'ரூம் வசதியா இருக்கா சார்'னு கேப்ப. இன்னிக்கி ரூம்ங்கிற வார்த்தையே உன் வாயில வரல. இந்தத் தம்பி யாருக்கோ ஏர்போர்ட் வண்டி இருக்குன்னு போன்ல பேசுறான். துப்பறியிற வேஷம்னா சும்மாவா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். நான் பேப்பரை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"சொல்லாத. உன் வேலைக்கு ஆபத்து," என்றார். "நல்லவனாத்தான் கூப்பிடுவானுங்க. நானா இருந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவேன்."

வண்டி மாமி வீட்டுச் சந்துக்குள் திரும்பியதும் பேப்பரை என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

5. விசில் விடட்டுமா?

கடைசிக் காட்சி எடுக்கிற நாள். காலையிலிருந்து மதியம் வரை நான்கைந்து டேக் போனது. ஒவ்வொன்றும் முதல் பக்கத்திலேயே நின்றது. மேக்கப்மேன் பெரியவரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்கால விமானத்தில் அந்த இன்னொரு நடிகர் வருவதாகப் பாஸ்கர் எனக்கு மெசேஜ் அனுப்பினார்.

சமையலறையில் மாமி என்னைக் கூப்பிட்டார். அங்கேதான் அவர் காலையிலிருந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய், முகம் இப்படி இருக்கு? மோர் குடிங்கோ."

நான் முழுக்கதையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அடக்கி வைத்தது மாமியிடம் கொட்டிவிட்டது. மாமி அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் வேணா மறந்தாப்ல ஒரு விசில் விட்டுடறேனே. எதிராத்துலயும் சொல்லி வெக்கறேன். சத்தம் வந்துண்டே இருந்தா டப்பிங்தானே பண்ணியாகணும்?"

அந்த யோசனை எனக்கு முந்தின நாளே வந்திருந்தது. மேகாவிடம் பேச்சுவாக்கில் கேட்டும் பார்த்துவிட்டேன். "சத்தம் வந்தா வெயிட் பண்ணி இன்னொரு டேக் போவோம் பாய். அவ்வளவுதான்," என்று அவர் சொல்லியிருந்தார்.

"வேண்டாம் மாமி. விசில் வந்தா இன்னொரு டேக். இன்னொரு டேக்னா அவர் எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை மறக்கணும்."

மாமி அடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "பெருமாளே," என்றார். நானும் எனக்குத் தெரிந்த துஆவை வாய்க்குள் ஓதிக்கொண்டேன்.

ஆடி மாதம். காற்று ஆரம்பித்துவிட்டது. கொல்லைக் கதவு கீச் கீச் என்று ஆடியது. எண்ணெய் விட்டும் அடங்கவில்லை. தாழ்ப்பாள் போட்டால் காற்றில் தாழ்ப்பாளே தடதடத்தது. "யாராவது பிடிச்சிட்டு நில்லுங்க," என்றார் மேகா. யாரையும் நம்ப முடியாமல் நானே கொல்லைப்பக்கம் போய்க் கதவை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். கதவு இடுக்கில் முற்றம் வழியாகக் கூடம் நேராகத் தெரிந்தது. பெரியவர் நாற்காலியில். எதிரே சகாயராஜ். நடுவில் இரண்டு டம்ளர் காபி.

ரோல் சவுண்டு. தெரு அடங்கியது. ஆக்‌ஷன்.

"காபி நல்லா இருக்கு," என்றார் பெரியவர். அது வசனம். "உன் கையால எத்தனை வருஷமா குடிக்கிறேன்," என்றார். அதுவும் வசனம். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. பெரியவர் சகாயராஜின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வரி அந்த முகத்தில் எங்கேயோ எழுதியிருக்கிற மாதிரி தேடினார். கண் மட்டும் மெல்ல நகர்ந்தது. தருண் 'கட்' சொல்லக் கையைப் பாதி தூக்கிவிட்டார்.

அப்போது சகாயராஜ் பேசினார்.

"நீங்க என்ன கேக்க வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் சார்."

அப்படி ஒரு வசனம் பேப்பரில் இல்லை. தருணின் கை அப்படியே நின்றது.

"அன்னிக்கி மழை. குடை மட்டும் ஏன் நனையாம வாசல்ல இருந்துச்சுன்னுதான கேக்க வந்தீங்க? அவ குடையை எடுத்துக்கிட்டுப் போகல சார். அவளா போகவே இல்ல."

பெரியவர் அசையவில்லை.

"அன்னிக்கி வாசல் வழியா யாரும் உள்ள வரலன்னு தெருவே சொல்லுச்சு. அதை வெச்சுத்தான் தற்கொலைன்னு எல்லாரும் நம்பினாங்க. நீங்க மட்டும்தான் நம்பல. நான் கொல்லைக் கதவு வழியா வந்தேன் சார். கொல்லைக் கதவு வழியாத்தான் போனேன்."

சொல்லிவிட்டு அவர் கையை நீட்டினார். நான் நின்றிருந்த பக்கம். கேமரா மெதுவாக அவர் கையோடு திரும்பியது. நான் கதவுக்குப் பின்னால் ஒடுங்கி, மூச்சை நிறுத்தி, நெற்றியால் மரத்தை அழுத்திக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் பார்க்க முடியவில்லை. காது மட்டும்தான்.

மூன்று பக்கத்தையும் சகாயராஜே சொன்னார். பெரியவர் கேட்க வேண்டிய ஒவ்வொரு கேள்வியும் இவர் ஒப்புக்கொள்கிற வார்த்தையாக மாறி வந்தது. குரல் போகப் போக உடைந்தது. கடைசியில் ஒரு டம்ளரை நகர்த்துகிற சத்தம். பிறகு தணிகைநாதன் சாரின் குரல். ரொம்பச் சன்னமாக.

"காபி ஆறிடுச்சு."

அதுவும் பேப்பரில் இல்லை.

'கட்' என்று யாரும் சொல்லவே இல்லை. கேமராமேன் தானாகவே நிறுத்தினார். நான் கதவை விட்டேன். அது கீச்சென்றது. அந்தச் சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பவும் மூச்சுவிட்ட மாதிரி இருந்தது. மேகா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

பெரியவர் எழுந்து தருணிடம் வந்து கைகூப்பினார். "மன்னிச்சிடுப்பா. மறுபடியும் போயிடுச்சு."

தருண் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு டேக் போக மாட்டேன் சார்," என்றார். "இதான் சீன்."

பெரியவர் சகாயராஜிடம் திரும்பினார். "யோவ், என் வசனம் மொத்தத்தையும் நீ பேசிட்டியே."

சகாயராஜுக்குத் தான் செய்தது தப்பா சரியா என்று இன்னும் பிடிபடவில்லை. எழுந்து நின்று, "எங்க டிராமாவுல அப்படித்தான் சார் பழக்கம்," என்றார். "எல்லார் பாடத்தையும் எல்லாரும் மனப்பாடம் பண்ணணும். எதிர்ல இருக்கிறவரு விட்டுட்டார்னா, அவரு கேக்க வேண்டியதை நாமளே எடுத்துக்கிட்டு ஓட்டணும். ஸ்டேஜ்ல கர்ட்டன் விழுற வரைக்கும் யாரும் கட் சொல்ல மாட்டாங்கல்ல சார். உங்களைக் காப்பாத்தணும்னு வாய் தானா வந்துடுச்சு."

பாஸ்கர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு மெசேஜ் வந்தது. ரூமையும் காரையும் கேன்சல் செய்யச் சொல்லியிருந்தார்.

6. கதவுக்குப் பின்னால்

அதற்கப்புறம் பாக்கி இருந்த காட்சிகளைத் தருண் மாற்றி எழுதினார். துப்பறியும் அதிகாரி அதிகம் பேசாதவர் ஆனார். போய் உட்காருவார், பார்ப்பார். எதிரில் இருப்பவர் தாங்க முடியாமல் தானே பேசுவார். ஏற்கெனவே எடுத்ததில் வசனம் உள்ள இடங்களை வெட்டிவிட்டார்கள்.

கடைசி நாள் காரில் பெரியவரிடம், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது சார்," என்றேன். நான் பேச்சுக்குச் சொன்னேன்.

"படம் எனக்குக் கெடச்சுது," என்றார். "அந்த மூணு பக்கம் போச்சு. அதை ஒரு தடவை முழுசாப் பேசணும்னு இருந்தேன் காதர். இந்தக் கார்ல பேசுனேன்ல, அதோட சரி."

"நான் கேட்டேன் சார்," என்றேன். "டிரைவரும் கேட்டாரு." டிரைவர் தலையாட்டினான்.

படம் வந்தபோது நூர்ஜஹானைக் கூட்டிக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனேன். தியேட்டரில் பாதிக்கூட்டம்தான். கடைசிக் காட்சி வந்தது. பெரியவர் வாயைத் திறந்து, பேசாமல், எதிரில் இருக்கிற முகத்தைப் பார்க்கிறார். பாப்கார்ன் கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்குப் பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாருடா, கண்ணாலயே அவனை எப்படிக் கசக்குறாரு," என்றார். அவர் கசக்கவில்லை. தொலைந்துபோன வரியைத் தேடுகிறார். அது எனக்குத் தெரியும், யூனிட்டுக்குத் தெரியும். இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவரே "எழுதுப்பா, பசங்களுக்கு உதவும்" என்று சொன்னதால் எழுதுகிறேன்.

கேமரா கொல்லைக் கதவைக் காட்டியது. நூர்ஜஹானின் கையைத் தொட்டு, "அந்தக் கதவுக்குப் பின்னாடி நான்தான் நிக்கிறேன்," என்றேன்.

"கதவுதானங்க தெரியுது," என்றாள்.

நான் செய்கிற வேலை படத்தில் கேட்காது. கேட்டால் நான் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். லைவ் சவுண்டு படம் என்றால் தெருவை அடக்குவதற்கு முன்னால் நடிக்கப் போகிறவரிடம் போய், "இவ்வளவு அமைதி உங்களுக்கு ஒத்துவருமா?" என்று கேட்டுவிடுவேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒரு அம்மா மட்டும் ரகசியமாக, "தூரத்துல ஒரு ஃபேன் ஓடினா நல்லா இருக்கும் பாய்," என்றார். அந்தப் படத்துக்கும் மேகாதான் சவுண்டு. அவரிடம் பேசி அடுத்த வீட்டு மாடியில் ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டோம். மைக்குக்கு அது கேட்கவே இல்லை. அந்த அம்மாவுக்குக் கேட்டது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் சத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். யாருக்காக நிறுத்துகிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

தணிகைநாதன் சார் இப்போது நடிப்பதில்லை. அவ்வப்போது போன் செய்வார். "காதர்," என்பார். அப்புறம் எதற்காகக் கூப்பிட்டார் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். லைனில் ஒன்றும் கேட்காது. முன்பெல்லாம் நான் பதறிப்போய், உடம்பு எப்படி இருக்கு, மாத்திரை சாப்பிட்டீங்களா, யாராவது பக்கத்துல இருக்காங்களா என்று ஏதேதோ கேட்டு அந்த இடத்தை அடைப்பேன்.

இப்போது அப்படிச் செய்வதில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து மதுரை ரோட்டுப் பக்கமாகப் பிடித்துக்கொள்கிறேன். பஸ் போகும், லாரி போகும், எவனாவது தேவையில்லாமல் ஹாரன் அடிப்பான்.

"ஆங், அப்படியே வெச்சிருப்பா," என்பார். பிறகு பேச ஆரம்பிப்பார்.